கேட்டுக்கு உள்ளே யாருடைய சட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தவர் எங்கள் மாவட்டத்தில் முன்பு ஷெரிஃபாக, அதாவது காவல் தலைவராக, இருந்த கஸ் ஹால்வர்சன். ஆர்ஃபா ட்வைட் என்ற சலவைக்காரி 1953இல் மாநிலச் சட்டமன்றத்தைப் பணியவைத்த கதையைச் சொன்னார்.

முதல் தொடக்கம்: 'பனி கொட்டிய ஒரு காலையில், கிழிந்த கோட்டோடு...'

(வேண்டாம். பரிதாபம் தேடினால் ஆர்ஃபா என்னைச் சும்மா விடமாட்டாள்.)

2

ராணுவக் கோட்டையின் சலவைக்கூடத்தில் அவள் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டாள். கணவன் வெர்ல் அங்கேயே தீயணைப்பு வேலையில் இருந்தான், சிப்பாய் அல்ல. குடியிருப்பும் கோட்டைக்குள்தான். கோடையில் அவன் அவள் மணிக்கட்டை உடைத்தான். கஸ் வந்து அவனைப் பிடித்துப்போனார்; சில நாளில் வெளியே வந்துவிட்டான். மகளைத் தன்னிடமே விடும்படி கேட்டு அவள் போட்ட விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்புக்குக் காத்திருந்தது.

அந்த நேரத்தில்தான், கோட்டை நிலத்தின் மீதான சட்ட அதிகாரம் முழுவதையும் மத்திய அரசுக்கு விட்டுக்கொடுக்கும் மசோதாவை மாநிலம் கொண்டுவந்தது. நிறைவேறினால் கஸ் உள்ளே நுழைய முடியாது. மாவட்ட நீதிபதி கைவிரித்துவிடுவார். மத்திய நீதிமன்றமோ விவாகரத்தைத் தொடாது.

வெர்லுக்கு இதுவும், வாக்கெடுப்பு வியாழக்கிழமை என்பதும் தெரிந்திருந்தது. "வியாழக்கிழமைக்கு அப்புறம் உன் ஷெரிஃப் கேட்டுக்கு வெளிய நின்னு தொப்பியை ஆட்ட வேண்டியதுதான்டி" என்றான்.

(அவனை முழு அரக்கனாக எழுதிப் பார்த்தேன்; ஒட்டவில்லை. மகளுக்குப் பனிச்சறுக்கு வண்டி செய்துகொடுத்தவனும் அவன்தான். அதனால் அவள் கை கொஞ்சம் குறைவாக வலித்தது என்று... இல்லை, இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.)

3

புதன்கிழமை கஸ் அவளைத் தன் காரில் தலைநகருக்கு அழைத்துப்போனார். சட்டமன்றக் குழுவின் முன்னால், மசோதாவைக் கொண்டுவந்த பீச்சம் என்ற உறுப்பினர், கோட்டையால் ஊருக்கு வரும் வேலைகளைப் பற்றி வெகுநேரம் பேசினார். கடைசியில் ஆர்ஃபாவைப் பேசவிட்டார்கள்.

"ஐயா, என் புருஷன் மறுபடி என் கையை உடைச்சா நான் யாரைக் கூப்பிடணும்?"

"ராணுவக் காவலரைக் கூப்பிடலாமேம்மா" என்றார் பீச்சம்.

"அவங்க அவரைக் கேட்டுக்கு வெளிய கொண்டுபோய் விடுவாங்க. பசிச்சா திரும்பி வந்துடுவாரு."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு வந்தீங்களே, ஐயா. அன்னைக்கு அது உங்க மாநிலமாத்தானே இருந்துச்சு?"

பீச்சம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுநாள் மசோதா திருத்தத்தோடுதான் நிறைவேறியது: 'மத்திய அரசுக்கு' என்றிருந்தது 'மத்திய அரசுக்கும்' ஆனது. மாநிலத்தின் நீதிமன்றத்துக்கும் ஷெரிஃபுக்கும் கோட்டைக்குள் அதிகாரம் நிலைத்தது. (மூல மொழியில் அதற்கு நீண்ட வாசகம் தேவைப்பட்டது. தமிழில் ஓர் 'உம்' போதுமென்பதில் எனக்குக் கர்வம்தான்.)

4

பீச்சம் அவள் கையைக் குலுக்குவதாக ஒரு முடிவு எழுதினேன். வெர்ல் மன்னிப்புக் கேட்பதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது அவற்றைவிட நன்றாக இருக்கிறது.

தீர்ப்பு ஆர்ஃபாவின் பக்கம் வந்தது; மகளும் அவளுக்கே. உத்தரவோடு கஸ்ஸின் கார் வந்தபோது காவலாள் தடுப்புக் கட்டையைத் தூக்கி சல்யூட் அடித்தான். வெர்ல் பெட்டியோடு வெளியேறும்வரை சலவைக்கூடத்துப் பெண்கள் நீராவிச் சங்கை ஊதவிட்டார்கள். கோட்டைத் தளபதி காதைப் பொத்திக்கொண்டார், நிறுத்தச் சொல்லவில்லை.

"இங்கேயேதான் இருக்கப்போறியா, ஆர்ஃபா?" என்று கஸ் கேட்டிருக்கிறார். அவள் சொன்ன பதில் அவருக்கு நினைவில்லை. நானும் இட்டுக்கட்டப்போவதில்லை. கோட்டைக்குள்ளோ வெளியிலோ, வாசகரே, நீங்களே அவளுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுங்கள். சீக்கிரம் கொடுங்கள், அடுப்பில் இறைச்சி பொரிகிறது, மகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறாள்.