அலமாரியில் தேய்ந்த பூட்ஸ்

ஷூ பழுதுபார்ப்பவளின் கணவன் வெறுங்காலோடு வீட்டைவிட்டுப் போன மறுநாளிலிருந்து, அவன் விட்டுப்போன பூட்ஸ் கடை அலமாரியில் இருந்தபடியே தேயத் தொடங்கியது.

இருவரும் சேர்ந்து நடத்திய கடை அது. பழைய ஷூக்களைச் சேகரிப்பவர்கள் அவற்றின் வயது கேட்டு வருவார்கள். மர ஆணியா பித்தளை ஆணியா, கைத்தையலா மெஷின் தையலா என்று குதிகாலைப் பிரித்துப் பார்த்து அவள் காலத்தைச் சொல்வாள். பிறகு இருவருமாகச் சரிசெய்து கொடுப்பார்கள். தன் பூட்ஸ் தாத்தா போருக்குப் போட்டுப்போனது என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கடை நிறைய ஆட்கள் இருந்த ஒருநாள் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "உள்ள பாருங்க, பசை போட்டு ஒட்டியிருக்கு. உங்க தாத்தா செத்து ரொம்ப நாள் கழிச்சுச் செஞ்சது இது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போனான்; வீட்டுக்கும் திரும்பவில்லை.

தினமும் இடது குதியின் வெளியோரம் சாய்வாகத் தேய்ந்திருக்கும். அது அவன் நடை. தையல் இடுக்கில் ஒருநாள் கடல் மணல் இருந்தது, இன்னொரு நாள் கரித்தூள். ஆள் உயிரோடு இருக்கிறான் என்பதுவரை அவளுக்குப் புரிந்தது. கடற்கரைகளிலும் நிலக்கரிக் கிடங்குகளிலும் விசாரித்தாள்; போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். அடித்தோல் தேயத் தேயப் புதிது போட்டாள். போடப் போட அவன் இன்னும் தூரம் போனான். "எங்க வீட்டுக்காரரோட தாத்தா பூட்ஸ், போருக்குப் போனது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். பசையைப் பார்த்தவர்கள் அதன்பிறகு அவள் சொன்ன எந்த வயதையும் நம்பவில்லை. கடை காற்றாடியது. அவன் வரவில்லை.

கடைசியில், தைக்காமல் விட்டால் அவன் நின்றுதானே ஆகவேண்டும் என்று விட்டுப் பார்த்தாள். அடியில் ஓட்டை விழுந்தது. மறுநாள் உள்தோலெல்லாம் ரத்தம். கடைக்கு வந்திருந்த மாமியார் அதை ஈரத்துணியால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, "வராட்டிப் போறான். காலாவது நல்லா இருக்கட்டும். தைச்சுடும்மா" என்றாள். மருமகள் அழுதுகொண்டே தைத்தாள். தையல் கோணலாகப் போனது.

வருடங்கள் போயின. மேல்தோலில் ஊசி குத்த இடமில்லாமல் ஆனது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வீட்டின் முன்னறைத் தரைக்குச் சிமென்ட் பூசினார்கள். மறுநாள் அவள் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் ஈரச் சிமென்ட் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு ஓடினாள். வாசலிலிருந்து உள்ளே தடங்கள் போயிருந்தன, இடதுபக்கம் சாய்ந்து. வெளியே வந்த தடம் இல்லை. அறை அறையாகத் தேடினாள். "வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். யாரும் கண்ணில் படவில்லை.

மாமியார் நடைவழியில் கிடந்த நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தினாள். "இடிச்சுக்குவான்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் பூட்ஸுக்கு மெல்லிய ரப்பர் அடி போட்டாள். வீட்டுக்குள் நடக்க அது போதும்.