நிமிராத முழங்கால்

துறைமுகத்தில் ரப்பர் பொதிகளைத் தூக்கிக்கொண்டிருந்த கயிறு அறுந்து, பொதிகள் மருதப்பனின் வலது கால்மேல் விழுந்தன. அன்று மாலையே ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். மீந்திருந்த ஒரு சாண் காலை அங்கே எல்லோரும் 'ஸ்டம்ப்' என்றார்கள். அவன் மனைவி அன்னம்மாவின் காதில் அது தபால் ஸ்டாம்பு என்பதுபோல் விழுந்தது. கட்டுப் போட வந்த நர்சு, "ஸ்டம்ப் ஓக்கே" என்று சொல்லும்போதெல்லாம் அவள் தலையாட்டினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருடம் அது. மருதப்பனுக்கு முப்பத்தாறு வயது. மூட்டை தூக்கியே இறுகிய உடம்பு. வார்டில் படுத்திருந்த நாட்களில் அவன் அதிகம் பேசவில்லை. பொய்க்கால் போட்டால் மறுபடி வேலைக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டான். போகலாம் என்று யாரோ சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் வெள்ளைக்கார டாக்டர் படுக்கை அருகே நின்று வெகுநேரம் பேசினார். நடுவில் தன் கையை மடக்கிக் காட்டினார், நீட்டிக் காட்டினார், விரலை ஆட்டினார். ஆபீஸ் அறையிலிருந்து மொழிபெயர்க்க அழைத்துவரப்பட்ட கிளார்க் விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அன்று வார்டு வார்டாக அவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் முடித்ததும் அவர் அன்னம்மாவைப் பார்த்தார்.

"காலை வடிவாப் பாத்துக்கொள்ளட்டாம் அம்மா. புண் ஆறினாப் பிறகு பொய்க்கால் பூட்டலாம் எண்டு சொல்லுறார்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

அன்னம்மா காலை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், பின்பக்க அறை அவர்களுடையது. சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். முதல் சில இரவுகள் மருதப்பன் வலியில் முனகினான். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்து மடக்கி விட்டதும் முனகல் அடங்கியது. மறுநாளே அவள் இலவம்பஞ்சு வாங்கி வந்து, தன் பழைய சேலையைக் கிழித்து, அந்தக் காலுக்கென்றே சின்னத் தலையணை ஒன்று தைத்தாள். பகலிலும் அதன் மேல்தான் கால் இருந்தது. அவன் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்கும்போது, தன் கையால் ஏதோ ஒன்று செய்ய முடிந்ததே என்றிருந்தது அவளுக்கு.

புண் ஆறியது. பொய்க்கால் அளவெடுக்கப் போகும் நாளில் மருதப்பன் சவரம் செய்துகொண்டான். நீளக் கால்சட்டையை இஸ்திரி போடச் சொன்னான். அதன் வலது பக்கத்தை மடித்து ஊக்கு குத்த வேண்டாம், அப்படியே தொங்கட்டும் என்றான். அவனோடு துறைமுகத்தில் வேலை செய்த தனசேகரன் அவனை முதுகில் சுமந்து கீழே இறக்கினான்.

ஆஸ்பத்திரியிலேயே பொய்க்கால் செய்யும் பட்டறையில் இருந்தவர் நெய்னா முகம்மது. தமிழிலேயே பேசினார். மருதப்பனைப் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டு மறு கையால் மிச்சக் காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். அது பாதி வழியில் நின்றது. இன்னும் அழுத்தினார். மருதப்பன் பல்லைக் கடித்தான். கால் அசையவில்லை. நெய்னா முகம்மது கையை எடுத்தார்.

"நரம்பெல்லாம் சுருங்கி, முட்டி மடிஞ்சபடியே இறுகிப்போச்சு. இதுக்கு காண்ட்ராக்சர்னு பேரு. முட்டி நிமிரலேன்னா பொய்க்கால் நேரா நிக்காதுண்ணே."

"பழகினா நிமிராதா?"

"பாக்கலாம்." பிறகு அன்னம்மாவிடம் திரும்பினார். "வீட்ல காலுக்குக் கீழ தலையணை கிலையணை வெச்சீங்களா தங்கச்சி?"

மருதப்பன் குப்புறப் படுத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க" என்றாள்.

மருதப்பனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் ஆபீஸ் அறைக்கு விஸ்வலிங்கத்தைத் தேடிப் போனாள். அவர் ஏதோ பைல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அன்னைக்கு டாக்டர் நிறையப் பேசினாரே. தலையணை வெக்கக் கூடாதுன்னு சொன்னாரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வார்டையும் மாதத்தையும் சொன்னாள்.

"சொல்லியிருப்பார் அம்மா. எல்லாருக்கும் சொல்லுறதுதான். நான் என்ன சொன்னன் எண்டு எனக்கே ஞாபகமில்லை."

அவரோடு சண்டை போட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எதற்கு என்று தோன்றிவிட்டது. அவர் கேட்டார்: "இப்ப எப்பிடி இருக்கிறார்?" அவள் திரும்பி வந்தாள்.

அதன் பிறகு வாராவாரம் காலை இழுத்து நீட்டி மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள், கொஞ்சம் நிமிர்ந்ததுபோல் இருக்கும். இரண்டு நாளில் பழையபடி மடங்கிவிடும். ஒருமுறை மாவுக்கட்டுக்குள் தோல் புண்ணாகி, அது ஆறும்வரை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அன்னம்மா அந்தச் சின்னத் தலையணையைக் குப்பையில் போட்டிருந்தாள். மருதப்பன் அது எங்கே என்று கேட்கவேயில்லை.

கடைசியில் டாக்டர், "அபவ் நீ" என்றார். இந்த முறை அன்னம்மா விஸ்வலிங்கத்தின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை விடாம சொல்லுங்கய்யா." அவர் விடாமல் சொன்னார். முழங்காலுக்கு மேலே இன்னொரு தடவை வெட்ட வேண்டும். பிறகு, பூட்டு வைத்த முழங்காலோடு ஒரு பொய்க்கால் செய்யலாம். கனமாக இருக்கும். நடக்கப் பழக நாளாகும். ஆனால் நடக்கலாம்.

மருதப்பன் சரி என்றான்.

ஆபரேஷனுக்குப் போகும் காலையில் தனசேகரன் டாக்சி பிடித்து வந்து கீழே நிறுத்தினான். மருதப்பன் குளித்து, தலை சீவி, கைகளை ஊன்றி நகர்ந்து மாடிப்படி வரை வந்தான். முதல் படியில் உட்கார்ந்தான். மடங்கியே இருந்த முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"ஏங்க, கீழ வண்டி நிக்குது."

"இதத் தொட்டாத் தெரியுது அன்னம். குளிர்ந்த தண்ணி பட்டாத் தெரியுது. நோவில்லாத முட்டி. இத எப்படி வெட்டக் குடுக்கிறது?"

"நடக்கணும்னா குடுக்கத்தான் வேணும்."

"நான் வரல."

அவள் அவனுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள். எப்படியாவது அவனை எழுப்பிவிட வேண்டும் என்ற தவிப்பில்தான் அது வெளியே வந்தது.

"பட்டறையில அந்தாளு கேட்டப்போ நான் பொய் சொன்னேன். தலையணை வெச்சது நான்தான். என்னாலதான் இப்படி ஆச்சு. என்ன அடிங்க, என்ன வேணா சொல்லுங்க. எனக்காக எந்திரிச்சு வாங்க."

மருதப்பன் அவளைப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றான். "வார்டுல பக்கத்துக் கட்டில்ல இருந்த மலாய்க்காரர் அப்பவே சொன்னாரு. தலையணை வெச்சா முட்டி மடங்கிப் போயிரும், வெக்காதேன்னு. அவரு அண்ணனுக்கும் அப்படித்தான் ஆச்சாம்."

"அப்புறம் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"வெச்சா வலிக்கல. நீ கொண்டாந்து வெக்கிறப்பல்லாம், நாளைக்கு எடுத்துறச் சொல்லலாம்னு நெனப்பேன். தெனமும் அப்படித்தான் நெனச்சேன்."

அவன் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அழுதால் கொஞ்சம் தீர்ந்திருக்கும். இப்போது யார் மீது எதைப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே தனசேகரன் இவர்கள் பேச்சு நிற்கக் காத்திருந்துவிட்டு, "என்னக்கா, தூக்கட்டுமா?" என்றான். அவள் இறங்கிப் போய் டாக்சியை அனுப்பச் சொன்னாள்.

"பரவால்லக்கா, அடுத்த வாரம் பாப்போம்லா" என்றான் தனசேகரன். அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். பிறகு அவன் வருவது குறைந்தது. நெய்னா முகம்மது ஆள் அனுப்பி விசாரித்தார். உடம்பு சரியில்லை என்று அன்னம்மா சொல்லியனுப்பினாள்.

அவள் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மசாலா மில்லில் மிளகாய் ஆயும் வேலைக்குப் போனாள். மருதப்பன் ஊன்றுகோல் வேண்டாம் என்றுவிட்டு, அறைக்குள் கைகளை ஊன்றி நகர்ந்தான். அடுப்பைப் பற்றவைத்தான், அரிசி களைந்து உலை ஏற்றினான். மாடிப்படியின் பக்கம் போகவில்லை. அவள் வந்ததும் தெருவில் என்ன நடக்கிறது என்று கேட்பான். எந்தக் கடைக்குப் புதிதாக வெள்ளையடித்தார்கள், எந்தக் கப்பலில் யார் ஊருக்குப் போனார்கள், துறைமுகத்து ஆட்கள் யாரையாவது பார்த்தாயா என்று கேட்பான். மிளகாய் எரியும் கைகளைத் தண்ணீரில் அமிழ்த்தியபடி அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். தெரியாததற்கும் ஏதாவது ஒரு பதில் சொல்வாள்.

சில வருடங்கள் அப்படிப் போயின. பிறகு அவன் கேட்பது குறைந்தது. அவள் தானாகவே சொல்லிப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மழைக்காலத்தில் அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.