இரவல் வரைபடம்

படகுகளைச் சோதிக்க வந்த துறைமுக அதிகாரி பின்பக்கப் பலகை வழியாகக் கரைக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே, முன்பக்கமாக ஒரு ரொட்டிப் பை லுட்விக்கின் பாய்மரப் படகிலிருந்து சில்வோவின் படகுக்குக் கை மாறியது. பைக்குள் ரொட்டி இல்லை, மடித்த கடல் வரைபடம்தான் இருந்தது. குரோவேஷியக் கடலுக்குள் வரும் அயல்நாட்டுப் படகு ஒவ்வொன்றிலும் அந்தக் கடலின் புதிதாகத் திருத்திய வரைபடம் இருக்க வேண்டும். ஸ்லோவேனியாவின் இசோலாவிலிருந்து கோடைதோறும் சேர்ந்து வரும் இந்த இரண்டு நண்பர்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு படம்தான்.

அதிகாரி சில்வோவின் படகிலும் அதையே புரட்டிப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். லுட்விக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சில்வோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"டேய், வரிசையா இத்தனை படகு நிக்குது. எல்லாத்தையும் விட்டுட்டு நேரா நம்மகிட்ட வந்து படத்தைக் கேக்கறாரு. யாரோ போட்டுக் குடுத்திருக்காங்கடா."

இருவர் கண்களும் மூன்றாவது படகுக்குப் போயின. அதில் தனியாகக் கடலோடும் மார்யெட்கா, பென்சிலை வைத்துக்கொண்டு தன் படத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் படத்தைக் கொஞ்சம் கொடுங்கள் என்று சில்வோ கேட்டதற்கு, "பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் கடல் படத்தையும் நான் யாருக்கும் இரவல் குடுக்கறதில்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னவள்.

"வேற யாரு? இவதான்" என்று பல்லைக் கடித்தான் சில்வோ.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை, வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. அன்று முழுதும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் வணக்கம் சொன்னாலும் சந்தேகம், சொல்லாவிட்டாலும் சந்தேகம். அவன் மனைவி தரிங்கா காப்பிப் பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் லுட்விக் அடுத்த தீவுக்கு முதலில் கிளம்பிவிட்டான். ரொட்டிப் பையும் அவனோடு போய்விட்டது. "டேப்லெட்லயும் கடல் படம் தெரியுமே" என்று சொல்லிச் சில்வோவும் கிளம்பினான்.

வெயில் ஏறியதும் அந்த டேப்லெட் சூடு தாங்காமல் அணைந்துபோனது. கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கமிருந்து புர்யா காற்று கிளம்பியது. கடலை நுரைநுரையாகக் கிழிக்கிற காற்று அது. எப்படியாவது எதிரே தெரிந்த விரிகுடாவுக்குள் ஒதுங்கியாக வேண்டும். வலப்புறம் கரை முழுக்கக் கூரிய கற்கள். இடப்புறம் அகலமான நீலத் தண்ணீர். சில்வோ சுக்கானை இடப்பக்கம் திருப்பினான்.

அப்போது வானொலி கரகரத்தது. பின்னால் வந்துகொண்டிருந்த மார்யெட்காவின் குரல்.

"சில்வோ, இடப்பக்கம் போகாதீங்க! தண்ணிக்கு அடியில பாறை இருக்கு. வலப்பக்கம் கரையை ஒட்டிப் போங்க, அங்கதான் ஆழம்!"

சில்வோ வலப்பக்கக் கற்களைப் பார்த்தான். கண்ணுக்குத் தெரிகிற கல்லை நோக்கிப் போகச் சொல்கிறாளே!

"பாத்தியா தரிங்கா? நேத்து காட்டிக் குடுத்தா, இன்னிக்குக் கரையில மோத விடப் பாக்கறா!"

"அவ படத்தைப் பாத்துச் சொல்றா, சில்வோ! நீ எதைப் பாத்து ஓட்டற?"

அவன் சுக்கானை விடவில்லை. தரிங்கா அவனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுச் சுக்கானைப் பிடித்து வலப்பக்கம் ஒடித்தாள். படகு சாய்ந்து திரும்பியது. இடப்பக்க விளிம்புக்குக் கையெட்டும் தூரத்தில், தண்ணீருக்கடியில் பழுப்பு நிறப் பாறை ஒன்று நீளமாக நழுவிப் போனது.

விரிகுடாவுக்குள் நங்கூரம் போட்டான் சில்வோ. "காப்பாத்திட்டா. சரி. ஆனா அதிகாரிகிட்ட சொன்னது அவதானே?" என்று முனகினான்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் தரிங்கா.

"நீயா? எதுக்கு?" என்றான் சில்வோ.

"உங்கிட்ட சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். அவர் ஒரு அதட்டு போட்டாலாவது நீ சொந்தமா ஒரு படம் வாங்குவேன்னு பாத்தேன். நீ அவர் கண்ணுலயும் மண்ணைத் தூவிட்ட. ஊர்ல இருக்கறவங்க மேலெல்லாம் சந்தேகப்பட்டியே, அந்த அணைஞ்சுபோற டேப்லெட் மேல ஒரு நாளாவது சந்தேகப்பட்டியா? அதிகாரி கேட்டா பக்கத்துப் படகுல வாங்கிக் காட்டலாம். பாறை கேட்டா யார் படத்தைக் காட்டுவ? சட்டம் அந்தக் காகிதத்தைக் கேக்கறது அவருக்காக இல்ல சில்வோ, நமக்காக."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மறைக்கவில்லை. சின்னப் படகை இறக்கித் துடுப்புப் போட்டுப் போய், மார்யெட்காவிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான்.

காற்று அடங்கிய பின் லுட்விக் நின்ற துறைமுகத்துக்குப் போனார்கள். படகைக் கட்டியதும் சில்வோ கடைக்கு நடந்து, தனக்கென்று ஒரு வரைபடம் வாங்கிவந்தான். திரும்பும்போது கரையில் அதிகாரியின் தொப்பி தெரிந்தது. பழக்கதோஷத்தில் லுட்விக் கையை நீட்டினான்.

"டேய், என் ரொட்டிப் பையைக் காணோம், உன்னோடதை இப்படிக் குடு, சீக்கிரம்!"

சில்வோ படத்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் கடல் படத்தையும் நான் யாருக்கும் இரவல் குடுக்கறதில்ல. உயிரை இரவல் வாங்க முடியாதுடா, லுட்விக். போய் உனக்குன்னு ஒண்ணு வாங்கு."