மனுதாரரின் விலாசம்

ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி எழுந்து போன பிறகும் புஷ்பவல்லி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பி புளோக் அடுக்குமாடி ஆட்களுக்கு அதில் 'டிஸ்மிஸ்' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. புஷ்பவல்லிக்கு எல்லாமே விளங்கியது. கிளினிக்கில் கிராணியாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதியே தலை நரைத்தவளுக்கு விளங்காமல் இருக்குமா? விளங்காமல் போயிருந்தால் தேவலை என்றிருந்தது.

வழக்கு ஒரு குளத்துக்காக. கம்போங் மேடானில் அவர்களுடைய அடுக்குமாடிக்குப் பின்னால் மழைநீர் தேங்குவதற்கென்றே ஒரு குளம் இருக்கிறது. அதை மூடிவிட்டு ஆடம்பரக் கொண்டோ கட்ட ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. குளம் இருக்கும்போதே போன வெள்ளத்தில் கீழ்வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். குளமும் போனால் தண்ணீர் எங்கே போகும்? நேராகக் கீழ்வீட்டு லோகேஸ்வரியின் வீட்டுக்குத்தான். அவள் கணவர் ரெங்கசாமி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அனுமதியை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டவர் ஒரே ஒருவர்: குடியிருப்போர் சங்கத் தலைவி புஷ்பவல்லி.

கூத்து என்னவென்றால், அந்தத் தலைவி அங்கே குடியிருக்கவே இல்லை.

வெள்ளத்தன்று மகன் தனேஷ் உயரமான ஜீப்பில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். சுபாங் ஜெயாவில் அவனுக்கு ஒன்பதாவது மாடியில் வீடு. ரெண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று லோகேஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போனவள், போனவள்தான். ஜீப்பில் பின்சீட்டு காலியாக இருந்தது. அன்றைக்கு ரெங்கசாமியைச் சாப்பாட்டு மேசைமேல் படுக்க வைத்து, தண்ணீர் வடியும் வரை லோகேஸ்வரி பிடித்துக்கொண்டே நின்றாள் என்பது பிறகுதான் புஷ்பவல்லிக்குத் தெரிய வந்தது. அந்த உறுத்தலில்தான் அவள் சங்கப் பதவியை விடவில்லை, ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. அடையாள அட்டையான ஐசியில் பழைய விலாசமே இருந்தது. ஓட்டும் அங்கேதான். பி புளோக்கில் யாரும் அவளை வெளியாளாக நினைத்ததே கிடையாது. நம் ஆட்களுக்கு ஐசியில் இருப்பதுதான் வீடு. ஆள் எங்கே படுத்து எழுந்தால் என்ன?

வழக்கறிஞர் ஷாமினி சின்னப் பெண், காசு வாங்காமல் வழக்கை எடுத்தவள். முதல் நாளே கேட்டாள்.

"ஆன்டி, இப்போ அங்கதான் இருக்கீங்களா?"

புஷ்பவல்லி ஐசியை எடுத்து நீட்டினாள். "அட்ரஸ் இதுலயே இருக்கே லா."

இல்லை என்ற வார்த்தை வாய்வரை வந்தது உண்மை. ஆனால் சொல்லிவிட்டால் வேறு யாரையாவது மனுதாரராகப் போடுவார்கள், தனக்கு விட்டு ஓடியவள் என்ற பெயர் மட்டும் மிஞ்சும் என்று பயந்தாள். 'மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் இந்த வீட்டில் தூங்காமல் விழித்திருக்கிறேன்' என்ற வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்து, சத்தியம் செய்து, கையெழுத்தும் போட்டாள்.

எதிர்த்தரப்பு அதிகம் சிரமப்படவில்லை. 'அம்மா எங்களோட வந்து ஒரு வருசம்' என்று தனேஷ் பேஸ்புக்கில் போட்டிருந்த படத்தைக் காட்டினார்கள். அவன் பாசத்தில் போட்டது. அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? சத்தியம் செய்து உண்மையை மறைத்தவர், பாதிக்கப்பட்டவரும் அல்லர் என்று நீதிபதி மனுவைத் தள்ளிவிட்டார். குளத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை.

வெளியே வந்ததும் லோகேஸ்வரி ஷாமினியைப் பிடித்துக்கொண்டாள்.

"காசு வாங்காத லாயர்னா இப்படித்தான். ஒழுங்கா பேசவே இல்லயே நீ!"

ஷாமினி புஷ்பவல்லியை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து கோப்புகளைப் பைக்குள் வைத்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்ததும் புஷ்பவல்லிக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. இதற்கு அவள் நாலு பேர் முன்னால் கத்தியிருக்கலாம்.

"அந்தப் பிள்ளைய ஏசாத, லோகா. என்னாலதான் தோத்தோம்."

"நீங்க என்னக்கா பண்ணீங்க?"

"நான் சுபாங்லதான இருக்கேன்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதுக்கென்ன இப்போ?"

"ஜட்ஜுக்குத் தெரியாது. பி புளோக்லதான் இருக்கேன்னு சத்தியம் பண்ணிட்டேன். பொய்னு கண்டுபிடிச்சிட்டாங்க. கேஸு அதுலதான் போச்சு."

லோகேஸ்வரி நம்பிக்கையோடு ஷாமினி பக்கம் திரும்பினாள்.

"அப்போ என் பேர்ல போடு. நான் அங்கதானே இருக்கேன்?"

"அனுமதி குடுத்த மூணு மாசத்துக்குள்ள போட்டிருக்கணும் அக்கா," என்றாள் ஷாமினி. "அது தாண்டிருச்சு. அப்பீல் போகலாம், ஆனா அது முடியறதுக்குள்ள குளத்த மூடிருவாங்க."

"என்னைய மொதல்லயே கேட்டிருந்தா?"

ஷாமினி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். லோகேஸ்வரி அவள் கையைத் தொட்டு, "மன்னிச்சுக்கம்மா," என்றாள். புஷ்பவல்லியை ஏசவில்லை. ஏசுவாள் என்று புஷ்பவல்லி காத்துக்கொண்டிருந்தாள்.

வாடகை வேனில் திரும்பினார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் சுபாங் பலகை தெரிந்ததும் வேன்காரர் இல்யாஸ் குரல் கொடுத்தார்.

"சுபாங் வருது. யாராச்சும் இறங்குறீங்களா?"

"இல்ல, இல்ல," என்றாள் புஷ்பவல்லி அவசரமாக. "நானும் ஃபிளாட்டுக்கே வரேன். கூட்டம் போட்டு அடுத்து என்ன பண்றதுன்னு பேசுவோம். ரெங்கசாமி அண்ணனையும் பார்க்கணும்."

லோகேஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"வேணாம்க்கா. இங்கயே இறங்கிக்குங்க. உங்க வீடு இங்கதானே."

இல்யாஸ் இடப்பக்கம் சிக்னல் போட்டார்.