புளி போட்டுத் தேய்த்த குண்டுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில், சுரங்கக் கல்லைச் சோதித்துச் சொல்லும் கூடத்தில் ரேணுகாவுக்கு அரவை மில் வேலை. செம்புக் கல்லை இரும்புக் குண்டுகளோடு உருளையில் போட்டு மாவாக்குவாள். அதைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, மருந்து கலந்து, காற்றை ஊதினால் நுரை பொங்கும். குமிழியின் தோலில் செம்புத் துகள்கள் பொன்னாய் ஒட்டி மெதுவாய் மேலேறும். பத்து வருஷமாய்ப் பார்க்கிறாள். இன்னமும் விழித்தபடியே கனாக் காண்பது போலத்தான் இருக்கிறது.

இன்றைக்கு நுரை வெள்ளையாய் வந்தது. பொன்னெல்லாம் அடியில் சேறு.

"கல்லு தண்டம். மெதக்கலன்னு எழுதிடறேன்" என்றார் கெமிஸ்ட் ஹேமநாதன். "சுரங்கத்த மூடிக்கினு போவட்டும்."

"போன வாரம் மெதந்துச்சே சார்."

"மீட்டரப் பாரு, மைனஸ்ல கெடக்குது. இரும்பும் இந்தக் கல்லும் தண்ணில தொட்டுக்கினா பேட்டரி மாதிரி. கரண்ட் ஓடும், இரும்பு கரையும், அந்தத் துரு கல்லு மேல அப்பிக்கும். அப்பால குமிழி எங்க ஒட்டும்? ஆனா எப்பவும் இவ்ளோ ஓடாது."

ரேணுகா மில்லைத் திரும்பிப் பார்த்தாள். முந்தாநாள் ஆயுத பூஜை. மில்லுக்குப் பொட்டு வைத்தவள், குண்டு மட்டும் கறுத்துக் கிடப்பானேன் என்று ஆசிட்டில் முக்கிப் புளி போட்டுத் தேய்த்திருந்தாள். கறுப்புத் தோல் உரிந்து, சாமிப் பாத்திரமாய் மின்னியது.

வாயை மூடிக்கொண்டால் பழி கல்லோடு போகும். திறந்தால் வேலை போகும். அவள் கான்ட்ராக்ட் ஆள். வெள்ளை நுரை சத்தமில்லாமல் உடைந்துகொண்டிருந்தது. உடைந்த இடத்தில், அவள் பார்த்தேயிராத சுரங்கத்து மேடு ஒன்று தெரிந்தது, வெயிலில் கல் பொறுக்கும் ஒருத்தி தெரிந்தாள். அவளும் கான்ட்ராக்ட்தான்.

"சார், குண்ட நாந்தான் தேச்சேன். பூஜைக்கு. ஆசிட்டு, அப்பால புளி."

"கொழம்பு வெக்கலியே, அதுவரைக்கும் சந்தோசம்." சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். "அந்தக் கறுப்புத் தோலுதான் கரண்ட்டத் தடுத்துக்கினு இருந்துச்சு. கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிடுவான்மா."

"தெரியும் சார்."

மிச்சக் கல் ஒரு கிலோ இருந்தது. நேரம் இரட்டிப்பாய்ப் பிடிக்கும் என்று யாரும் தொடாத பீங்கான் குண்டுகளைப் போட்டு ஓட்டினாள். பீங்கானில் கரண்ட் ஏது? மத்தியானம் தொட்டி பொன்னாய்ப் பொங்கியது.

ஹேமநாதன் பேனாவை உருட்டினார். "மொதத் தடவ ஏன் மெதக்கலன்னு சுரங்கத்தான் கேப்பான். இன்னா எழுத?"

"நடந்தத எழுதுங்க. எம்பேரப் போட்டே எழுதுங்க."

"இனிஷியல்?"

"மு. அப்பன் பேரு முனிரத்தினம்."

அவர் எழுதும்வரை கூடவே நின்றாள்.