முதலாவது விருப்பம்

1

அண்மையில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், எங்களூர் மேரிஜோசப்பின் என்பவளுடைய பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பியது யார் என்று பேச்சு வந்தது. நான்தான் என்றேன். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிக்காக இந்தக் கதையை எழுதுகிறேன்.

மூன்று தடவை தொடங்கிவிட்டேன்.

முதலாவது தொடக்கம்: 'ஊர்காவற்றுறையில் அன்று கடல் அமைதியாக இருந்தது.' (கடல் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவில்லை. வேறொன்றும் தோன்றாதபோதுதான் கதை எழுதுகிறவர்கள் கடலை அமைதியாக்குகிறார்கள்.)

இரண்டாவது: 'நிதித்துறையில் முன்னேற விரும்பும் மாணவர், பட்டப்படிப்புக்கான இடத்தைத் தெரிவுசெய்யும்போது கவனிக்கவேண்டியவை.' இதைத் தொடர்ந்திருந்தால் யாருக்காவது பயன்பட்டிருக்கும்.

மூன்றாவது: 'நான் அவளை—'

அதை அப்படியே விட்டுவிட்டேன்.

2

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. நானும் ஜோசப்பினும் உயர்தரப் பரீட்சையை வர்த்தகப் பிரிவில் எழுதியிருந்தோம். அவள் நல்ல புள்ளிகளுடன் சித்தியடைந்தாள். நான் கணக்கியலில் கவிழ்ந்தேன். (அந்தப் பரீட்சை மண்டபத்தில் நான் செலவழித்த மூன்று மணித்தியாலத்தைப் பற்றித் தனிக்கதை எழுதலாம். அதில் யாரும் பேசமாட்டார்கள்.)

எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஊர்காவற்றுறை வாசிகசாலை. கொழும்புப் பத்திரிகை அங்கே மூன்று நாள் பிந்தி வரும். சண்டையால் வீதி மூடப்பட்ட கிழமைகளில் ஆறு நாள். அதில் பங்குச் சந்தை விலைகள் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை வாசிக்க எங்கள் தீவில் இரண்டு பேர்தான் இருந்தோம். ஆளுக்கொரு கம்பனியைத் தெரிவுசெய்வோம். அடுத்த பத்திரிகை வந்ததும் எது ஏறியது என்று பார்ப்போம். நான் பெயரின் அழகைப் பார்த்துத் தெரிவுசெய்வேன். அவள் தேயிலை ஏலம், மழை, வட்டி என்று எதையெதையோ பார்த்துத் தெரிவுசெய்வாள். ஒவ்வொரு முறையும் அவள்தான் வென்றாள்.

"நீர் கவிதைக்குக் காசு போடுறீர்" என்றாள் ஒருநாள்.

நாங்கள் ஊகித்துக்கொண்டிருந்த எதிர்காலம் கொழும்பில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு எரிச்சலாக இருந்தது. விலை ஏறும் அன்றைக்கே அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் தான் இருக்கவேண்டும் என்பாள்.

3

(கட்டுரைப் பகுதி. பொறுமையில்லாதவர்கள் நான்காவதுக்குப் போகலாம்.)

அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் வணிகம் படிக்கலாம். பஸ் ஓடினால் ஒன்றரை மணித்தியாலம். கிழமைக்கொருமுறை வீட்டுக்கு வரலாம். அல்லது கொழும்பில் முகாமைத்துவம் படிக்கலாம். அங்கே நிதி தனிப்பாடம். பின்னேரங்களில் கணக்காளர் வகுப்பு, விடுமுறையில் ஏதாவதொரு நிறுவனத்தில் பயிற்சி.

"யாழ்ப்பாணத்திலை பாடம் இருக்கு. சந்தை இல்லை" என்று அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். பாடத்தைப் புத்தகத்திலும் படிக்கலாம், சந்தையைப் பக்கத்தில் நின்றுதான் படிக்கவேண்டும் என்பது அவளுடைய கட்சி.

கொழும்புக்கு எதிராக இருந்தது ஒரே ஒரு காரணம். அவளுடைய சித்தப்பா அங்கே ஒரு கடையில் வேலை செய்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், அங்கிருந்து அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் ஒற்றைச் செருப்புடன் வந்து இறங்கினார். அந்த வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

4

விண்ணப்பம் நிரப்பிய நாள் ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் கையெழுத்து ஊரில் பேர்போனது. ஆகவே என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சித்தியடையாதவனுக்குச் சித்தியடைந்தவளின் விண்ணப்பத்தை எழுதக் கிடைப்பது ஒரு தனி வகை மரியாதை.

படிவம் ஒன்றுதான். வெட்டித் திருத்தினால் நிராகரிப்பார்கள். பெயர், முகவரி, சுட்டெண், புள்ளிகள் எல்லாம் எழுதி, 'விருப்பு ஒழுங்கு' என்ற பகுதிக்கு வந்தேன். ஒன்று, இரண்டு என்று கட்டங்கள். ஒன்றில் கேட்டதற்குப் புள்ளி போதுமென்றால் அதுவே கிடைக்கும். இரண்டாவதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அப்போது அவளுடைய அப்பா சில்வெஸ்ரர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். கடற்படை விடுகிற தூரத்துக்குள் வலை போட்டுப் பிழைக்கிறவர்.

"ஒண்டிலை யாழ்ப்பாணத்தைப் போடும் தம்பி. ரண்டிலை கொழும்பு."

"எனக்கு வேணுமெண்டது கொழும்பு அப்பா" என்றாள் ஜோசப்பின்.

"அதுக்குத்தான் சொல்லுறன். வலையிலை முதல் பட்ட மீன் ஆருக்கு? அந்தோனியாருக்கு. முதலாவது எங்கடையில்லை, பிள்ளை. ஆசைப்பட்டதை முதல்லை வைச்சால் கையிலை தங்காது."

"இதை அந்தோனியார் வாசிக்கப் போறேல்லை. கொழும்பிலை கந்தோரிலை இருக்கிறவை வாசிக்கப்போகினம்."

"அவையும் மீன் தின்னுற ஆக்கள்தானே."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

5

இங்கேதான் கதை நின்றுவிட்டது. சில்வெஸ்ரரை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாவது சில்வெஸ்ரர் பக்திமான். முதல் மீனை அந்தோனியார் கோயிலுக்கே கொடுத்து, தன் வாழ்நாளில் ஒருநாளும் அதை விற்காதவர். விண்ணப்பத்தையும் வலையையும் ஒன்றாகவே பார்க்கிறார். இவரை எழுதினால் வாசகர்கள் அன்போடு சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கம்.

இரண்டாவது சில்வெஸ்ரர் கெட்டிக்காரர். ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தோனியாரை முன்னால் நிறுத்திவிட்டு மகளை யாழ்ப்பாணத்தில் கட்டிப்போடப் பார்க்கிறார்.

மூன்றாவது சில்வெஸ்ரர்—

இவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அன்று அவரை அவருடைய மனைவி ஒரே வசனத்தில் எழுதிவிட்டா. அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு பந்தி சொல்லவேண்டும். (ஆசிரியர் கதைக்குள் வந்து தன்னைப் பற்றிப் பேசுவது நல்ல பழக்கமில்லை. தெரியும்.)

6

ஜோசப்பின் என்னைப் பார்த்தாள். "நீர் சொல்லும். விதி என்னெண்டு உமக்குத் தெரியும்தானே?"

தெரியும். முன்பக்கத்தில் இருந்த குறிப்புகள் பன்னிரண்டையும் நான் வாசித்திருந்தேன். விருப்பமானதைத்தான் ஒன்றில் எழுதவேண்டும் என்று சொல்ல ஐந்து விநாடி போதும்.

நான் சொல்லவில்லை.

அவள் யாழ்ப்பாணத்தில் படித்தால் சனிக்கிழமைகளில் வாசிகசாலைக்கு வருவாள். நான் அழகான பெயருள்ள கம்பனிகளைத் தெரிவுசெய்து தோற்றுக்கொண்டே இருக்கலாம். என் கையில் இருந்த பேனை யாழ்ப்பாணத்தின் பக்கம் சாய்ந்தது. அதைப் பக்தி என்று சொல்ல எனக்கு ஒரு புனிதரும் இருக்கவில்லை.

(இந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "ஒரு பூசை முடிஞ்சிருக்கும்" என்றாள்.)

குசினியிலிருந்து அவளுடைய அம்மா மாக்கிறேற் வந்தா. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னா:

"பயமெண்டால் பயமெண்டு சொல்லுங்கோவன். ஏன் அந்தோனியாரைப் போட்டு இழுக்கிறியள்?"

சில்வெஸ்ரர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றார். "பயம்தான்."

அந்த வீட்டில் மூன்று வருடமாக ஒருவரும் சொல்லாத சொல் அது. ஜோசப்பினின் முகம் மாறியது.

"எனக்கும் பயம்தான் அப்பா" என்றாள்.

7

முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் கொழும்பை ஒன்றில் போடச் சொன்னாள். வீரமான முடிவு. இதை எழுதியபோது சில்வெஸ்ரர் கதையை விட்டு எழுந்து போய்விட்டார். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

(ஆ) அவள் யாழ்ப்பாணத்தை ஒன்றில் போடச் சொன்னாள். பாசமான முடிவு. இதை எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. ஆகவே நம்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஜோசப்பின் என் கையிலிருந்து பேனையை எடுத்தாள். படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். இடது கையால் மறைத்துக்கொண்டு கட்டங்களை நிரப்பினாள். ஊதிக் காயவைத்து, மடித்து, உறையில் இட்டு ஒட்டினாள். திங்கள் காலை தானே போய்ப் பதிவுத் தபாலில் போட்டாள். அப்பாவுக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

அவள் எங்கே படித்தாள் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் கரம்பொன் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது அரசாங்கம் அவளுக்குக் கொடுத்தது. அந்த வருடம் அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் எங்கே வந்து நின்றன என்று எனக்குத் தெரியாது. ஒன்று கைநழுவி இரண்டு கிடைத்திருக்கலாம். அவள் கேட்டது எது என்பதை அவளைத் தவிர நாங்கள் ஒருவரும் அறியோம். கலியாண வீட்டில் நான் விழுங்கிய கால்வாசி இதுதான்.

கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அப்பா எதிரே கதிரையில் இருக்கிறார். அம்மா வாசலில் நிற்கிறா. பேனை உங்களிடம். எழுதுங்கள், ஆனால் கையால் மறைத்துக்கொண்டு எழுதுங்கள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்கு ஓரக்கண்ணால் பார்க்கும் பழக்கம் உண்டு.