பச்சைத் துண்டு விரித்தால்

துரை, அத்தையின் பூனை. சாப்பாடு தாமதமானால் தட்டைக் காலால் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் அந்தப் பெயர். மாமா போன பிறகு அத்தையின் மடி முழுக்க அவனுடையது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அத்தையும் நானும் பேசிக்கொள்வதில் பாதி அவனைப் பற்றித்தான். மீதிக்கு எனக்குக் கூச்சம்.

அவனுடைய வலது கண்ணில் புண் வந்தது.

“காலையிலயும் சாயங்காலமும் சொட்டு மருந்து விடணும். விட்டுப்போச்சுன்னா கண்ணு போயிடும்” என்றார் டாக்டர்.

அத்தைக்கு மூட்டுவாதம். அந்தச் சின்னக் குப்பியை அழுத்த விரல்கள் ஒத்துழைக்காது. என் கணவர் ஒருமுறை போர்வையோடு பாய்ந்து பிடித்தார். முழங்கை வரை கீறல்.

“ஆபீஸ்ல கேட்டா என்னம்மா சொல்றது?”

“பொண்டாட்டின்னு சொல்லிக்கோ. யாரும் மேல கேக்க மாட்டாங்க” என்றார் அத்தை.

ஆகவே வேலை என்னிடம் வந்தது.

மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். துரையின் மீனும் அதே ஃபிரிட்ஜில்தான். அதுவரை கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எந்த மூலையில் இருந்தாலும் வால் நிமிர ஓடி வருவான். மருந்து தொடங்கிய சில நாட்களில் அந்தச் சத்தம் கேட்டதும் பாதி வழி ஓடி வந்து நின்றுவிட ஆரம்பித்தான். முன்னங்கால்கள் சமையலறைப் பக்கம், பின்னங்கால்கள் தப்பிக்கும் பக்கம். மீனா மருந்தா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். என் கையில் சோப்பு வாசனை இருந்தாலே போதும். மருந்துக்கு முன்னால் நான் கை கழுவுவதை அவன் கவனித்திருக்கிறான்.

கல்லூரியில் இந்தப் பாடத்தை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். மணி அடித்துவிட்டுச் சோறு வைத்தால், பிறகு மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறும். அந்த மணியாக நானே இருப்பேன் என்று அப்போது தோன்றவில்லை.

“என் ஸ்வெட்டரைப் போட்டுக்கோ. நான்னு நெனச்சு வந்துடுவான்” என்றார் அத்தை.

சாம்பல் நிற ஸ்வெட்டர். மடிப்பகுதியெல்லாம் பூனை முடி. அதைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். வந்தான், முகர்ந்தான், மடியில் ஏறினான். சொட்டு விட்டேன். அத்தை கதவோரம் நின்று சத்தம் வராமல் கை தட்டினார். நானும் சிரித்தேன். படித்தவள் நான், அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

அந்த வார முடிவில் அத்தை அதே ஸ்வெட்டரோடு சோபாவில் உட்கார்ந்து, “துரை, வாடா” என்றார்.

அவன் காதுகளைப் பின்னால் மடக்கி, சுவரை ஒட்டியே நடந்து, கட்டிலுக்கு அடியில் போனான்.

அத்தை மடியில் கையை விரித்தபடியே இருந்தார். பிறகு டிவியைப் போட்டார். சத்தம் வைக்க மறந்துவிட்டார்.

“நாளையிலேருந்து ஸ்வெட்டர் வேண்டாம் அத்தை.”

“கண்ணு ஆறுற வரைக்கும் போட்டுக்கோ. எம் மடி எங்க போயிடப் போகுது?”

சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். சளி என்றார்.

மருந்தை நிறுத்த முடியாது. அத்தையின் மடியும் அவனுக்குத் திரும்ப வேண்டும். பழைய பாடத்தை மனசில் புரட்டினேன். அவனைப் படுத்துவது வலி மட்டும் இல்லை; அது எப்போது வரும் என்று தெரியாததும்தான். வரப்போவதை அடையாளமாகச் சொல்லிவிட்டால், மற்ற நேரமெல்லாம் பயமில்லாத நேரம்.

மறுநாள் காலை அத்தையிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை.

“இனிமே ஏமாத்த வேண்டாம் அத்தை. மேஜை மேல ஒரு துண்டை விரிப்போம். துண்டு இருந்தா மருந்து. இல்லைன்னா யாரும் அவன் கண்ணைத் தொடக் கூடாது. மருந்து விட்ட உடனே மீன்.”

“பூனைகிட்ட சொல்லிட்டுச் செய்யணுங்கிற?”

“ஆமா.”

“உங்க மாமா என்கிட்டகூட எதையும் சொல்லிட்டுச் செஞ்சதில்ல” என்றார். பிறகு எழுந்து போய், இருப்பதிலேயே அசிங்கமான ஒரு பச்சைத் துண்டைத் தேடி எடுத்து வந்தார். “இது மாதிரி வேற எதுவும் வீட்டுல இல்ல. குழம்ப மாட்டான்.”

ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டோம். மருந்துக் குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்குக்கு மாற்றினேன். ஃபிரிட்ஜ் மறுபடி மீனுக்கே ஆனது. முதலில் அவனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத்தான் துண்டில் வைத்தோம். நான் சொட்டு விட, அத்தை மடங்காத விரல்களால் மீனைப் பிய்த்துப் போட்டார். பிறகு இழுக்க வேண்டியிருக்கவில்லை, தூக்கினால் போதும். ஒரு சாயங்காலம் நான் துண்டை விரித்துவிட்டுத் திரும்பினால், அவனே மேஜை மேல் உட்கார்ந்திருந்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தை என் பக்கம் நீட்டி. பல் டாக்டரிடம் போன பெரிய மனிதர் மாதிரி.

“பாரேன், நீ பில்லை நீட்டுறதுதான் பாக்கி” என்றார் அத்தை.

கண் தெளிந்துகொண்டே வந்தது. மடிக்கு மட்டும் வரவில்லை. சோபாவின் மறுமுனை வரை வருவான், அத்தை போட்டிருக்கும் ஸ்வெட்டரைப் பார்ப்பான், இறங்கிவிடுவான். அத்தை கூப்பிட வாயெடுப்பார். நான் தலையை ஆட்டுவேன். “அவனா வரட்டும் அத்தை.” மீன் துணுக்கை மட்டும் பக்கத்தில் வைப்போம், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கமாக.

இன்று மத்தியானம் நாங்கள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். துரை சோபாவில் ஏறினான். மீனைத் தின்றான். மேஜையைத் திரும்பிப் பார்த்தான், துண்டு இல்லை. ஸ்வெட்டரை முகர்ந்தான். அத்தையின் மடியில் ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். பிறகு மொத்தமாக ஏறிச் சுருண்டு படுத்தான்.

அத்தை மூச்சுக்கூட விடவில்லை. கையில் பட்டாணி அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உதட்டை மட்டும் அசைத்தார். “ஏம்மா, எனக்கு பாத்ரூம் போகணும்.”

“போங்க அத்தை.”

“இப்ப எழுந்தா தண்டனைன்னு நெனச்சுக்குவானோ?”

“நெனச்சுக்குவான்.”

“அப்ப நீ ஏதாவது பேசிட்டிரு. எனக்கு மறக்கட்டும்.”

என்ன பேசுவது என்று யோசிக்காமலே பேச ஆரம்பித்தேன்.